பழைய தேசப்படங்களில் சண்டிலிப்பாய்

பள்ளிக்கூடத்திலே ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவர்க்குச் சிறு பயிற்சி ஒன்று கொடுத்தேன். தத்தம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியையும், சண்டிலிப்பாய் ஊரிலே தாம் முக்கியமென்று கருதும் இடங்களையும் ஒரு தாளில் வரைந்து வருமாறு கூறினேன். மறுநாள் படங்கள் வந்து சேர்ந்தன. மானிப்பாயிலிருந்து சங்கானை நோக்கிச் செல்லும் காரைநகர் வீதி எல்லாப் படங்களிலும் இருந்தது. பண்டத்தரிப்புக்குத் திரும்பும் சந்தி இருந்தது. கல்வளைப் பிள்ளையார் கோயில், சீரணி நாகபூசணி அம்மன் கோயில், பிரதேச செயலகம், கடைகள், கைத்தொலைபேசிக் கோபுரம் யாவும் இருந்தன. வழுக்கையாற்றை மட்டும் ஒருவரும் வரையவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதனை நான் கூறவில்லை. அவர்கள் கண்டதைத்தான் வரைந்தார்கள். ஆண்டிற் பெரும்பகுதி நீரின்றிக் கிடக்கும் ஒரு பள்ளத்தை ஆறென்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் மறந்துவிட்டோம். தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரளவில் ஆறுகள் குடாநாட்டில் உண்டு. எனினும் அவை கடலேரிகளே. மழைநீரைத் திரட்டித் தரைவழியே கொண்டு செல்லும் நன்னீர் ஆறு என்று சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றே. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி என்னும் ஊர்களை அடுத்துச் சென்று, அராலியில் அது கடலேரியோடு கலக்கின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 16 கிலோமீற்றர். அந்த ஆற்றை மறந்த ஊர் எதனை இழக்கும் என்பதை, பழைய தேசப்படங்களைக் கையிலெடுத்து இன்று சிறிது ஆராய்வோம்.

சரித்திரம் என்றால் அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டுமே என்று எண்ணுவோர் பலர். ஓர் ஊரின் சரித்திரம் அதன் வீதியிலும், வேலியிலும், குளத்தின் கட்டிலும், காணியின் பெயரிலும் எழுதப்பட்டிருக்கின்றது. இங்கிலாந்திலே டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ் என்னும் சரித்திராசிரியர் 1955-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அந்நாட்டு நிலத்தின் தோற்றத்தையே ஒரு சரித்திர ஆவணமாகக் கொண்டு வாசிக்கக் கற்பித்தார். வயலின் வளைவும் பாதையின் திருப்பமும் ஏன் அவ்வாறு அமைந்தன என்று அவர் வினவினார். அத்தகைய வினாக்களுக்கு விடை தேடுவோர்க்குப் பழைய படமே முதற்றுணை. அந்த வினாவை நமது ஊரிலும் எழுப்பலாம்.

ஒரு படத்தை வாசிக்கத் தொடங்குமுன் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். யார் வரைந்தார்? எதற்காக வரைந்தார்? எந்த அளவில் வரைந்தார்? இம்மூன்றையும் கேளாது படத்தை நம்புகின்றவர், சாட்சியை விசாரியாது தீர்ப்பளிக்கும் நீதிபதியை ஒப்பர்.

இனி, கிடைக்கின்ற படங்களைக் கால வரிசையிற் காண்போம். யாழ்ப்பாண இராச்சியம் 1619-ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கைப்பட்டது. 1658-ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவ்வாண்டில் ஒல்லாந்தப் படையோடு வந்த பிலிப்புஸ் பல்தேயுஸ் என்னும் பாதிரியார் சில ஆண்டுகள் இங்கே தங்கிச் சமயப் பணி புரிந்தார். மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை என்பவற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1672-ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரில் அச்சேறியது. அந்நூலிலே யாழ்ப்பாணத்தின் படமும், கோயில்களின் சித்திரங்களும் இடம்பெற்றன. அவர் எழுத்தில் நம் ஊர்ப் பெயர்கள் உருமாறித் தோன்றுகின்றன. வலிகாமம் 'பெல்லிகம்மே' ஆகின்றது. தெல்லிப்பழை 'தெலிப்போலே' ஆகின்றது. வட்டுக்கோட்டை 'பத்தெகொத்தே' ஆகின்றது. சங்கானை 'சங்கனே' ஆகின்றது. வாய்விட்டு வாசித்தால் அவற்றுட் பெரும்பாலான பெயர்கள் இன்றும் நமக்கு விளங்கும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னும் இவ்வூர்கள் இப்பெயர்களோடுதான் இருந்தன என்பது இதனாற் பெறப்படுகின்றது.

வலிகாமத்திலே 14 கோயிற்பற்றுகளை அவர் கூறுகின்றார். தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், வண்ணார்பண்ணை, நல்லூர், சுண்டிக்குளி, கோப்பாய், புத்தூர் என்பன அவை. இந்தப் பட்டியலைச் செவியுற்ற சண்டிலிப்பாயார் ஒருவர், "எங்கள் ஊர் எங்கே?" என்று கேட்டல் கூடும். வடக்கே பண்டத்தரிப்பு உண்டு. மேற்கே சங்கானை உண்டு. தெற்கே மானிப்பாய் உண்டு. நடுவிலுள்ள சண்டிலிப்பாய் இல்லை. அவ்வாறாயின் அக்காலத்தில் இங்கே ஊர் இருக்கவில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளலாகாது. பல்தேயுஸ் எண்ணியவை தேவாலயமும் பள்ளிக்கூடமும் இருந்த தலையிடங்கள். ஒல்லாந்த ஆட்சியில் கோயிற்பற்று என்பது சமயப் பிரிவாக மட்டுமன்றி, குடிகளைக் கணக்கெடுக்கும் பிரிவாகவும் வழங்கிற்று. தேவாலயம் இல்லாத ஊர் அடுத்த கோயிற்பற்றினுள் அடங்கியது. பட்டியலில் ஓர் ஊர் இல்லாமை, ஆள்வோரின் கணக்கிலே அது தலையிடமாக இல்லாமையையே காட்டும்.

இதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர், சண்டிலிப்பாயிலுள்ள கல்வளைப் பிள்ளையார்மீது கல்வளையந்தாதி என்னும் பிரபந்தத்தைப் பாடினார். நல்லூரிலிருந்த புலவரொருவர் இத்தலத்தை நாடிப் பாடினாரெனின், அத்தலம் அக்காலத்திலே அயலூரார் அறிந்த தலமாயிருந்திருத்தல் வேண்டும். ஒல்லாந்தப் பாதிரியாரின் கண் தேவாலயத்தைத் தேடியது. தமிழ்ப் புலவரின் கண் பிள்ளையார் கோயிலைத் தேடியது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே ஊரின் முழு உருவம் தோன்றும். பழைய படத்தின் மௌனத்தை வேறு சான்றுகளாற் பேசச் செய்தல் வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் முதற்பாடம்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஆட்சியாளர் தம் படத்தில் எழுதிய பெயரெல்லாம் நிலைப்பதில்லை. ஒல்லாந்தர் காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். இன்று அத்தீவாரிடம் இப்பெயர்களைக் கூறினால் வியப்புறுவர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் வேற்றுமொழி வழக்கில் எஞ்சி நிற்கின்றது. இலங்கைத் தீவின் வடிவம் பன்றித் தொடையை ஒத்ததென ஒல்லாந்தர் கண்டனர். அத்தொடையின் குதிப்புறம் என்னும் கருத்திலே ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். படத்தைப் பார்த்துப் பிறந்த பெயர் அது. ஆனால் வலிகாமத்தின் உள்ளூர்களிலே குடியானவர் வழங்கிய பெயர்களை ஆட்சியாளரால் மாற்ற இயலவில்லை.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற மற்றொரு செல்வம் தோம்பு. போர்த்துக்கேயர் தொடங்கிய காணிப் பதிவேட்டை ஒல்லாந்தர் திருத்தி விரிவாக்கினர். எந்தக் கோயிற்பற்றில், எந்தக் காணி, யாருடையது, எவ்வளவு பரப்பு என்பதெல்லாம் அதிலே பதிவாயின. தோம்பைக் கோடில்லாத படம் என்று சொல்லலாம். அதன் வழி இன்றும் அறுந்துபோகவில்லை. நம் வீட்டுப் பெட்டகத்திலுள்ள காணி உறுதியை விரித்துப் பாருங்கள். மாவட்டத்தின் பெயரையடுத்து 'கோயிற்பற்று' என்றும் 'இறை' என்றும் சொற்கள் வரும். பிறகு காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்பன வரும். ஒல்லாந்தர் ஆட்சி 1795-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் முடிந்தது. கோயிற்பற்று என்ற அவர்காலப் பிரிவு நம் உறுதிகளிலே இன்னும் முடியவில்லை.

காணிப் பெயர்களை ஆராயும்போது எச்சரிக்கை வேண்டும். 'பிட்டி' என்று முடியும் பெயர் மேட்டு நிலத்தைக் குறிக்கும். சண்டிலிப்பாயை அடுத்த மாசியப்பிட்டியை நினைத்துப் பாருங்கள். 'கலட்டி' கல்லுத்தரையைக் குறிக்கும். 'தரவை' புல் முளைத்த வெளியைக் குறிக்கும். மானிப்பாயை அடுத்துள்ள கட்டுடை என்ற பெயரைக் கேட்கும்போது, உடைந்துபோன ஒரு நீர்க்கட்டு நம் நினைவில் எழுகின்றது. செவிக்குப் பொருந்துவதனாலேயே அது சரித்திரமாகிவிடாது. அப்பெயர் வழங்கும் நிலம் தாழ்ந்ததா, நீரோட்டத்துக்கு அண்மையதா, பழைய கட்டின் அடையாளம் உண்டா என்று படத்திலும் தரையிலும் சோதித்த பின்னரே பேசுதல் தகும். சண்டிலிப்பாய், மானிப்பாய், கோப்பாய் என்னும் மூன்றிலும் வரும் 'பாய்' என்ற ஈற்றைப் பற்றியும் அறிஞர் பலவாறு கூறுவர். பெயர் ஒரு வினாவை எழுப்பும். படம் அதனைச் சோதிக்கும்.

ஆங்கிலேயர் காலத்திலேதான் அளந்து வரைந்த படங்கள் பெருகின. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800-ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவிலே நாடு முழுவதையும் அளக்கும் வேலை 1897-ஆம் ஆண்டில் ஆரம்பமாகி 1924-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டு. ஆதலின் படத்திலுள்ள ஒவ்வோர் அங்குலமும் தரையில் அதன் 63,360 மடங்கு. சண்டிலிப்பாய் முழுவதையும் அப்படத்தில் இரண்டு பெருவிரல்களால் மறைத்துவிடலாம். அரை மில்லிமீற்றர் தடிப்பான ஒரு கோடு தரையிலே 30 மீற்றருக்கு மேற்பட்ட அகலத்தைப் பிடிக்கும். எனவே, "இந்த வேலி படத்திலே அந்தப் பக்கம் விழுகின்றது" என்று அயலவரோடு வழக்காடுவதற்கு ஓரங்குலப் படம் உதவாது. அதற்குக் காணிப் படங்கள் வேறாக உள்ளன. அவை சங்கிலி கொண்டு அளக்கப்பட்டவை. ஒரு சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். நம் தோட்டக் கணக்கிலே 16 பரப்பு ஓர் ஏக்கர்.

ஓரங்குலப் படம் உதவும் இடம் வேறு. ஊர்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்தன, குளங்கள் எங்கே திரண்டிருந்தன, வயல் எங்கே முடிந்து தோட்டம் எங்கே தொடங்கியது, நீர் எத்திசை சென்றது என்பவற்றை ஒரே பார்வையில் அது காட்டும். கால அடையாளங்களையும் அதிலே காணலாம். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை புகையிரதப் பாதை 1902-ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. 1905-ஆம் ஆண்டில் அது கொழும்புப் பாதையோடு இணைந்தது. திகதி தெரியாத ஒரு குடாநாட்டுப் படத்திலே சுன்னாகம், மல்லாகம் வழியாக அந்த இருப்புப்பாதை செல்லுமாயின், அப்படம் புகையிரதம் வரவிருந்த காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது என்று துணியலாம். பாதை சண்டிலிப்பாய்க்குள் வரவில்லை. கிழக்கே சென்ற அப்பாதையையொட்டிச் சுன்னாகத்துச் சந்தை பெருகியது. ஓர் ஊரின் மாற்றத்துக்குக் காரணம் சிலவேளை அவ்வூரின் எல்லைக்கு வெளியே இருக்கும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

அச்சான படம் மாறாது, தரை மாறிவிடும். 1990-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் அகன்றன. அக்காலத்திலும் பழைய பதிப்புப் படங்களிலே புகையிரதப் பாதை கறுப்புக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. 2014-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரையும், 2015-ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரையும் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னரே படமும் தரையும் மறுபடி ஒத்தன. ஆதலினால் படம் அச்சிட்ட ஆண்டை மாத்திரம் பாராமல், அளவை நிகழ்ந்த ஆண்டையும் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது வகைப் படங்கள் ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்டவை. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1956-ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதும் விமானத்திலிருந்து நிழற்படம் பிடிக்கப்பட்டது. படம் வரைபவன் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பான். நிழற்படக் கருவிக்கு அவ்விருப்பம் இல்லை. பனங்கூடலும், ஒழுங்கையும், தோட்டத்துப் பாத்தியும், வயல் வரம்பும், குளத்தின் விளிம்பும் அதிலே ஒருங்கே விழுந்தன. நீரிறைக்கும் யந்திரங்கள் இன்னும் பெருகாத காலம் அது. துலாவும் பட்டையும் நிலைபெற்றிருந்த காலம். அதற்குப் பின்னர்த் திணைக்களம் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற மெற்றிக் அளவிலே படங்களை வெளியிட்டது. இன்றோ கைத்தொலைபேசியிலேயே செய்மதிப் படத்தை விரித்துத் தன் வீட்டுக் கூரையைப் பிள்ளை காண்கின்றது.

இம்மூன்று வகைப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மாறாதவை சில, மாறியவை பல என்பது தெரியும். கோயில்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆகவே ஒரு படத்தை மற்றொன்றோடு பொருத்துவதற்கு அவையே தக்க நிலைப்புள்ளிகள். பெருவீதிகளின் போக்கும் அதிகம் மாறவில்லை. தோட்டங்களிலே புகையிலை குறைந்து வெங்காயமும் மிளகாயும் வந்தன, துலாவின் இடத்தை நீரிறைக்கும் யந்திரம் பிடித்தது, பனங்கூடல்கள் அருகின, வயலோரங்களிலே வீடுகள் எழுந்தன.

அவ்வீடுகள் எழுந்தமைக்குக் காரணத்தைப் படம் தனியே சொல்லாது. சரித்திரம் சொல்லும். 1990-ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கிலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் அயற்பிரிவுகளிலே கிடைத்த நிலத்திற் குடியமர்ந்தனர். 1995-ஆம் ஆண்டு ஒற்றோபர் 30-ஆந் திகதி தொடங்கி வலிகாமம் முழுவதுமே வீடு விட்டு வெளியேறிற்று. மறுவருடம் திரும்பி வந்தோர் பலர் வேலியின்றி, எல்லைக்கதியால் இன்றி, உறுதியின்றித் தம் வளவுகளைத் தேடினர். கதியால் அழிந்தால் எல்லை அயலார் நினைவிலே நிற்கும். அயலாரும் கலைந்துபோனால் எல்லையைச் சொல்வதற்கு எஞ்சுவன கச்சேரிப் பதிவும் பழைய காணிப்படமுமே. ஏற்கெனவே 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. இத்தகைய இழப்புகளைக் கண்ட சமூகத்துக்குப் பழைய படம் பொழுதுபோக்குப் பொருளன்று. அது சாட்சி.

இனி மீண்டும் வழுக்கையாற்றுக்கு வருவோம். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. நம் கிணறுகளின் ஊற்று அந்தப் படையே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரிமழையே அதற்குப் பிரதான வரவு. நீர் தேங்கி நின்றாலே மிகுதியாக நிலத்துள் இறங்கும். ஆதலின் முன்னோர் வழுக்கையாற்றின் படுகையிலே குளங்களையும் வாய்க்கால்களையும் பேணினர். குளம் நிரம்பினால் மிகுதி வாய்க்காலுக்குச் செல்லும்; வாய்க்கால் ஆற்றுக்குச் செல்லும்; ஆறு வயல்களை நனைத்து அராலிக்குச் செல்லும். இந்த ஒழுங்கு எத்துணைப் பழமையானது என்பதற்குச் சண்டிலிப்பாய்க்கு மேற்புறமாக, அதாவது நீர் வரும் திசையிலே, கந்தரோடை சான்று பகர்கின்றது. போல் பீரிஸ் அவர்கள் 1917-ஆம் ஆண்டளவில் அங்குள்ள தொல்பொருட்களை உலகுக்கு எடுத்துக்காட்டினார். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே மக்கள் அங்கு வாழ்ந்தமை வெளிப்பட்டது. குடாநாட்டின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று இந்த ஆற்றின் அருகே அமைந்தது வெறுந்தற்செயலாகாது.

ஆட்சிகள் மாறின, எழுத்துகள் மாறின, எல்லைகள் மாறின. தாழ்ந்த தரை தாழ்ந்தே இருக்கின்றது. நீர் தோம்பை வாசிப்பதில்லை, உறுதியை மதிப்பதில்லை. அது பள்ளத்தைத் தேடிச் செல்லும். 2008-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நிஷா என்னும் புயலோடு வந்த பெருமழையின்போது குடாநாட்டின் தாழ்நிலங்களெல்லாம் வெள்ளக்காடாயின. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று அன்று நாம் வருந்தினோம். பழைய படத்தை எடுத்துப் பார்த்தவர், வெள்ளத்தின் வழிக்குள் வீடுகள் புகுந்திருப்பதையும் கண்டிருப்பர்.

மாணவரிடம் நான் அடுத்ததாகச் செய்வித்த பயிற்சி இதுவே. ஓரங்குலப் படத்தின் ஒரு பகுதியைப் பெருப்பித்து, ஊடுதெரியும் மெல்லிய தாளில் ஆற்றையும் குளங்களையும் மட்டும் நீலத்தில் வரையச் செய்தேன். இரண்டாவது தாளில் இன்றைய வீதிகளையும் வீடுகளையும் கறுப்பில் வரையச் செய்தேன். கோயில்களை நிலைப்புள்ளியாக வைத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்தோம். சில நிமிடங்கள் வகுப்பு அமைதியாயிருந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மாரிக்கு மாரி எங்கள் முற்றத்தில் வெள்ளம் நிற்கிறது. அப்பா மண் போட்டு உயர்த்திக்கொண்டே இருக்கிறார். அது இதனாலா?" என்று கேட்டாள். நீலக்கோடு அவள் வீட்டுக்கு அண்மையிலே சென்றது. கோட்டின் தடிப்பை அவளுக்கு விளக்கி, படத்தை மட்டும் நம்பாதே, கார்த்திகையில் மழை பெய்யும்போது நீர் எங்கிருந்து வந்து எங்கே போகின்றதென்று நீயே பார் என்று சொல்லி அனுப்பினேன். மழைக்காலம் வந்தது. அவள் பார்த்து வந்தாள். நீர் கிழக்கே வாய்க்காற் பக்கமிருந்து வருகின்றது என்றும், வாய்க்காலின் வாயில் மண் மூடியிருக்கின்றது என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கின்றேன்.

மண் போட்டு ஒரு முற்றத்தை உயர்த்தினால் வெள்ளம் அடுத்த முற்றத்துக்குப் போகும். அவர் உயர்த்தினால் அதற்கடுத்த வளவுக்குப் போகும். அவ்வாறே எல்லாரும் உயர்த்திய பின்னர், குளத்தில் நிற்கவேண்டிய நீர் நிற்க இடமின்றிக் கடலேரிக்கு ஓடிவிடும். சித்திரையில் கிணறு வற்றும், அல்லது உவர்க்கும். வலிகாமத்துக் கிணறுகளிலே பசளையினால் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக் கூறியுள்ளனர். நிலத்துக்குள் இறங்கும் புதுநீர் குறையக் குறைய அக்கேடும் மிகும். ஓர் ஆற்றைப் படத்தில் வரைய மறந்தமை சிறு பிழையாகத் தோன்றலாம். அதன் விலையைச் செலுத்துவது நம் கிணறு.

நேயர்களே, இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலப் படங்கள் பல நெதர்லாந்தின் தேசிய சுவடிச்சாலையிலே இருக்கின்றன. அவற்றுட் பலவற்றை இன்று கணினி வழியே வீட்டிலிருந்து காணலாம். ஒல்லாந்தர் கால ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் உண்டு. நில அளவைத் திணைக்களத்துப் படங்களைக் கேட்டுப் பெறலாம். இலங்கைப் படங்களின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு ஆர். எல். புறோகியர் அவர்கள் 1950-ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட நிலமும் படமும் அளவையும் பற்றிய நூல் நல்வழி காட்டும்.

இவற்றினும் அரியதொன்று நம் வீடுகளிலேயே இருக்கின்றது. பாட்டனார் உறுதியிலுள்ள காணிப் பெயர் தரையில் எந்த மூலையைக் குறிக்கின்றது என்று காட்டவல்ல முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அச்சிட்ட படங்களில் அப்பெயர்கள் பெரும்பாலும் இல்லை. ஒரு விடுமுறை நாளிலே பிள்ளையை அழைத்துக்கொண்டு அம்முதியோரிடம் செல்லுங்கள். பெயர்களைக் கேளுங்கள், அவர் காட்டும் மூலைக்கு நடந்து செல்லுங்கள், படத்திலே குறியுங்கள், குறித்த நாளையும் சொன்னவர் பெயரையும் ஓரத்தில் எழுதுங்கள். காணி வாங்குவோரும், மதில் கட்டுவோரும், பள்ளம் நிரப்புவோரும், வேலை தொடங்குமுன் ஒருமுறை பழைய படத்தைப் பாருங்கள். நீர் செல்லும் வழியை நீருக்கு விட்டுக் கட்டுங்கள்.

அடுத்த ஆண்டும் எட்டாம் வகுப்புக்கு அதே பயிற்சியைக் கொடுக்க எண்ணியிருக்கின்றேன். எத்தனை படங்களிலே வழுக்கையாறு இருக்குமென்று எண்ணிப் பார்க்க விரும்புகின்றேன்.